லிஃப்ட்காரரின் திடீர் வாசிப்பு

லிஃப்ட் ரிப்பேர்காரர் சாக்ஸபோன் வாசிப்பார் என்பது ஊரறிந்த விஷயம். அதை ரகசியமாக வைத்துக்கொள்ள அவர் ஒருநாளும் முயன்றதில்லை. ஞாயிறு மதியங்களில் ஓர் ஓட்டலின் முகப்புக் கூடத்தில் ஜாஸ் வாசிக்கும் குழுவில் அவரும் ஒருவர். ஜாஸில் ஒவ்வொருவருக்கும் தனி வாசிப்பு உண்டு. அந்த நிமிடத்தில் தோன்றுவதைத்தான் வாசிக்க வேண்டும். நம்மவருக்கும் அந்த நிமிடத்தில்தான் தோன்றும். என்ன, அந்த நிமிடம் செவ்வாய்க்கிழமையே வந்துவிடும். வேலைக்குப் போன கட்டடத்தில் லிஃப்டை நிறுத்தி, அதன் கூரைமேல் உட்கார்ந்து, எதிரொலி கணகணக்க வாசிப்பார். பிறகு அந்த வாசிப்பை வீட்டுக் குளியலறையில் சலவை செய்து, இஸ்திரி போட்டு, ஞாயிறன்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிடுவார்.

"கண்ணை ஏன் மூடுறீங்க? மனப்பாடம் கலைஞ்சிடும்னா?" என்பார் மனைவி.

"ஞானம் உள்பக்கமா பார்க்கும்டி."

அடுத்த மாதத்திலிருந்து ஓர் ஆளைக் குறைக்கும்படி ஓட்டல் நிர்வாகம் சொல்லிவிட்டது. பியானோ வாசிக்கும் குழுத்தலைவர் வேறு யாருமில்லை, நம்மவர் மனைவியின் அண்ணன்தான். போகவேண்டியது சாக்ஸபோனா, புதிதாக வந்த டிரம்பெட்டா?

"தங்கச்சி புருஷன்னெல்லாம் பார்க்க மாட்டேன் மாப்ள. ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் வாசிங்க."

"நீங்க பார்க்கவே வேணாம் மச்சான். கேட்டா போதும்."

ஞாயிறன்று டிரம்பெட்காரர் முதலில் வாசித்தார். லிஃப்ட்காரருக்கு வியர்த்துவிட்டது. ஏறி, நின்று, ஒரு படி சறுக்கி, மறுபடி ஏறும் அந்த வளைவு அவருடையது! கமா விடாமல் அவருடையது! சோபாவில் இருந்த மனைவி மெல்லத் திரும்பிக் கணவரைப் பார்த்தார்.

கைதட்டலுக்கிடையே டிரம்பெட்காரர் கிசுகிசுத்தார்: "எங்க கட்டடத்து லிஃப்டுக்குழியிலருந்து செவ்வாய்க்கிழமை பூரா வந்துச்சுண்ணே. யார் வாசிச்சாங்களோ, அப்படியே ஒட்டிக்கிச்சு."

"யாரோ நல்ல கலைஞன்தான்" என்றார் லிஃப்ட்காரர்.

அவர் முறை வந்தது. கைவசம் ஒன்றுமில்லை. டிரம்பெட் வாசித்து முடித்த கடைசி மூன்று ஸ்வரங்களைப் பிடித்துக்கொண்டார். வாசித்துவிட்டுக் காத்திருந்தார். அதையே ஒரு படி மேலே வைத்தார், பிறகு தாளத்துக்குக் கொஞ்சம் பிந்தி, பிறகு தலைகீழாக. நடுவில் விரல் வழுக்கி, சேராத ஸ்வரம் ஒன்று பொத்தென்று விழுந்தது. வேறு வழியில்லாமல் அதையே இன்னும் இருமுறை, ஏதோ வேண்டுமென்றே செய்ததுபோல, அதிகாரமாக வாசித்தார். பியானோவில் மச்சானின் கை சட்டென்று இறங்கி, அந்த அநாதை ஸ்வரத்தைக் குடும்பத்தில் சேர்த்துக்கொண்டது. டிரம்ஸ்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதன்பின் எங்கெங்கே போய்வந்தார் என்று அவருக்கே தெரியாது.

முடிந்ததும் மச்சான் கேட்டார்: "நடுவுல ஒண்ணு கோணலா விழுந்துச்சே, அங்கேருந்து ஒரு தடவை வாசி."

வாசித்தார். வேறென்னவோ வந்தது. இன்னொரு முறை முயன்றார், அதுவும் இல்லை.

"வராதுல்ல? அப்ப அங்கேயே பொறந்ததுதான். இடம் உனக்கு. அந்தத் தம்பி எவனோ செஞ்சு வச்சதை ஒப்பிக்கிறான், எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு."

"ஒப்பிக்கிற பழக்கமெல்லாம் ஜாஸுக்கு ஆகாது மச்சான்" என்றார் லிஃப்ட்காரர், மிகுந்த வருத்தத்துடன்.

தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த மனைவிக்குப் புரையேறியது.