வலப்பக்கம் நாலு விரல் தாழ்வு

இத்தாலியில் தூரின் நகரத்து எவரிஸ்தோவுக்கு வாயால் நன்றி சொல்ல வராது. கையால் எதையாவது செய்து தொலைப்பார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டாம் வருஷம் அந்தக் குணம்தான் அவர் பிழைப்பில் மண்ணள்ளிப் போடப் பார்த்தது.

கார் உடம்பு கட்டும் பட்டறையில் தகடு தட்டுகிறவர் அவர். மணல் மூட்டைமேல் அலுமினியத் தகட்டைப் போட்டுத் தட்டுவார், மர அச்சில் வைத்துப் பார்ப்பார், மறுபடி தட்டுவார். கண்ணை மூடி உள்ளங்கையால் தடவினால் மயிரளவு மேட்டையும் கண்டுபிடித்துவிடுவார். அந்த மர அச்சைச் செய்பவர் தச்சர் செவெரினோ. ஆறு வருஷத்துக்கு முன்னால் எவரிஸ்தோ ஒரு கதவை அளவு தப்பித் தட்டிவிட்டார். செவெரினோ மூச்சுக்காட்டாமல் அச்சைச் செதுக்கி அந்தக் கதவுக்கு ஒத்துப்போக வைத்துவிட்டார். எவரிஸ்தோவுக்கு இரண்டாவது பெண் பிறந்து அப்போது பத்தே நாள். வேலை போயிருந்தால் என்ன கதி! அந்த மனுஷன் ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

அந்த வருஷக் கார் கண்காட்சிக்கு ஒரே ஒரு பந்தயக் கார். எவரிஸ்தோ அச்சைத் தடவினார். வலது முன்பக்கம் நாலு விரல் தாழ்ந்திருந்தது. அடப்பாவி, செவெரினோ கோட்டை விட்டுட்டானே என்று நினைத்துக்கொண்டார். கேட்டால் அவன் மானம் போகும். வாயைத் திறக்காமல் இடப்பக்கத்தை அளவெடுத்து, வலப்பக்கத்தையும் அதே உயரத்துக்குத் தட்டி முடித்தார். இரண்டு பக்கமும் ஒன்றுபோல் வரவேண்டுமென்றே முப்பது வருஷம் தட்டிய கைக்கு வேறென்ன தோன்றும்?

கண்காட்சிக்கு ஆறு நாள் இருக்கையில் முதலாளி மார்த்தினெங்கோ வந்து பார்த்தார்.

"எந்த அறிவாளி வேலைடா இது? ஓட்டுறவன் இடது பக்கம், வலது பக்கம் ஆளே உக்காரப் போறதில்ல. வளைவுல ஓட்டுறவனுக்கு ரோடு தெரியட்டும்னு நான் வேணும்னேதான் தாழ்த்தி வரைஞ்சேன்! அதுக்காகத்தானே இந்தக் காரே! செஞ்சவன் இப்பவே சட்டைய மாட்டிக்கிட்டுக் கிளம்பலாம்."

எவரிஸ்தோ வாயெடுப்பதற்குள் செவெரினோ முன்னால் வந்து நின்றார். "நான்தான் முதலாளி. உசத்தித் தட்டுன்னு நான்தான் சொன்னேன்."

"புளுகுறான் முதலாளி! அவன் எதுவுமே சொல்லல. அச்சு தப்புன்னு நானா நெனச்சுக்கிட்டு..." எவரிஸ்தோ செவெரினோவைப் பின்னால் இழுத்துவிட்டார். "இவனுக்கு நான் ஒரு கதவு பாக்கி."

"எந்தக் கதவு?"

ஆறு வருஷமாக மறைத்த கதவு முழுசாக வெளியே வந்தது. முதலாளி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பக்கத்துப் பக்கத்துல நின்னுக்கிட்டு வாயத் தொறந்து பேச மாட்டீங்களாடா? வெள்ளிக்கிழமை மத்தியானம் புது வலப்பக்கம் வேணும். இல்லேன்னா ரெண்டு பேருமே நடையக் கட்டுங்க."

அதற்கப்புறம் தச்சர் தகடு பிடித்தார், எவரிஸ்தோ தட்டினார். ரொட்டியும் நெத்திலியும் நின்றபடியே உள்ளே போயின. வெள்ளிக்கிழமை முதலாளி வந்து குனிந்து நாலு விரலை வைத்துப் பார்த்தார். "ம்" என்றார். அவ்வளவுதான், போய்விட்டார்.

எவரிஸ்தோ கீழே உட்கார்ந்துவிட்டார். கண்ணெல்லாம் தண்ணீர். "செவெரினோ... ரொம்ப நன்றிடா. அந்தக் கதவுக்கும் சேத்துத்தான்."

"இத அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருந்தா," என்றார் செவெரினோ, மரத்தூளைத் தட்டிக்கொண்டே, "ஒரு தகடாவது மிஞ்சியிருக்கும்."