கைக்குழந்தை எழும்பும்போது

தோகரம்மாவுக்கு சுவிசேஷத்தில் ஓர் இடம் மிகவும் பிடிக்கும். உயிர்த்தெழுந்த இயேசு ஏரிக்கரையில் கரிநெருப்பு மூட்டி மீன் சுட்டு வைத்துக்கொண்டு, வலை வீசிக் களைத்து வருகிற சீடர்களைச் சாப்பிடக் கூப்பிடுகிற இடம் அது.

“செத்து எழும்பின மனுஷன், வந்ததும் அடுப்பு மூட்டியிருக்கார் பாருங்க. எங்க வீட்டுக்காரர் உயிரோட இருந்தப்பகூட ஒரு நாள் மூட்டினதில்ல” என்பாள்.

படகுத்துறையில் அவளிடம் சுட்ட மீன் வாங்குகிறவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிக்க மாட்டாள். விசிறியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு விசிறுவாள். இரண்டு தோள்களிலும் வலி இருந்தது. எதில் குறைவோ அந்தக் கையால்தான் அன்றைய வேலை நடக்கும்.

ஏரி நடுவே இருக்கிற சமோசிர் தீவில் எங்கள் கரைக்கு அவள் மருமகளாக வந்தபோது பெயர் தியோமினார். மூத்தவன் தோகர் பிறந்த பிறகு அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. கணவர் ஜபின்சார் கெட்டவர் இல்லை. அடித்ததில்லை, திட்டியதில்லை. உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான். கள்ளுக்கடையில் உட்கார்ந்து பாடுவார், வீட்டில் உட்கார்ந்து காப்பி கேட்பார். வெங்காயப் பாத்தி, பன்றிகள், பிள்ளைகள், மீன் அடுப்பு எல்லாம் அவள் தலையில். அவர் இறந்த பிறகும் வேலை குறையவில்லை, காப்பி மட்டும் ஒரு கோப்பை குறைந்தது. கோயில் பெஞ்சில் உட்காரும்போதுதான் அவள் முதுகு சாயும். அங்கும் பாதிப் பிரசங்கத்தில் கண் சொருகிவிடும்.

அந்த வருடம் ஈஸ்டருக்கு முந்தின வாரம் நாத்தனார் லம்தியுர் கைப்பேசியை நீட்டிக்கொண்டு துறைக்கு வந்தாள்.

“அண்ணி, பாத்தீங்களா? கல்லறை முடிஞ்சுது. தோகர் பத்தாம் தீவுல வேலை பாத்துகிட்டே எப்படிக் கட்டியிருக்கான் பாருங்க. ஓடெல்லாம் பளபளன்னு.”

படத்தில் குன்றின்மேல் வெள்ளையும் நீலமுமாக ஒரு சிறு வீடு போல நின்றது குடும்பக் கல்லறை. ஈஸ்டர் போய் அடுத்த விடுமுறைக்கு உறவுகள் எல்லாம் கூடும்போது ஜபின்சாரின் எலும்புகளைக் கோயில் கல்லறைத் தோட்டத்திலிருந்து எடுத்துக் கழுவி அதில் வைப்பார்கள். அவர் பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு பெயர் எழுதியிருந்தது. தியோமினார். பிறந்த வருடம், ஒரு கோடு, அப்புறம் வெற்றிடம்.

“எனக்கும் இடம் போட்டாச்சா?”

“பின்னே? எங்க அண்ணன் தனியாவா கிடப்பான்?”

தோகரம்மா மீனைத் திருப்பிப் போட்டாள். ஒரு பக்கம் கருகியிருந்தது. அவள் மீன் கருகி நாங்கள் பார்த்ததில்லை.

அவள் மனம் போனது கோயிலுக்குப் பின்னால் இருக்கிற பழைய கல்லறைத் தோட்டத்துக்கு. அங்கே சுவரோரம் அவளுடைய மூன்றாவது பிள்ளை ரொதுவா கிடந்தாள். மழைக்காலத்துக் காய்ச்சல். ஏரி கொந்தளித்து படகு ஓடாத நாட்கள். குழந்தைக்குத் தலை நின்றிருந்தது, கவிழக்கூட இன்னும் பழகவில்லை. பேரப்பிள்ளை கண்டவர்களின் எலும்புகளைத்தான் மேலே கொண்டுபோவது எங்கள் வழக்கம். கைக்குழந்தைகள் கிடந்த இடத்திலேயே கிடக்கும்.

சனிக்கிழமை ஊரே கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்தது. மறுநாள் விடியலில் அங்கேதான் ஆராதனை. சபை மூப்பர் மாரிஹோட் சிலுவைகளுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். மற்ற நாட்களில் அவர் படகு எஞ்சின் பழுது பார்க்கிறவர்.

“மூப்பரே, ஒரு சந்தேகம். செத்தவங்க எழும்புறப்போ, புதைச்ச இடத்துலதானே எழும்புவாங்க?”

“அப்படித்தான் வச்சுக்கணும், தோகரம்மா. இல்லேன்னா நாளைக்கு நாம ஏன் இங்க வந்து பாடணும்?”

“கைக்குழந்தை?”

“அதுவும் எழும்பும்.”

“எழும்பும் சரி. நடக்காதே. அதைத் தூக்க யாரு?”

மூப்பர் மட்டையைச் சுண்ணாம்பு வாளியில் போட்டுவிட்டு வெகுநேரம் கலக்கினார். “கர்த்தர் பாத்துக்குவார்மா.”

“பாத்துக்குவார்தான். ஆனா உலகம் பூரா எழும்புற நேரம் அவருக்கு எவ்வளவு வேலை இருக்கும். நான் குன்றுமேலயிருந்து இறங்கி வரணும். இந்த முட்டியை வச்சுக்கிட்டு.”

“அன்னைக்கு முட்டி வலிக்காதும்மா.”

“அதை நான் இன்னைக்கு எப்படி நம்புறது?” என்று கேட்டுவிட்டுப் புல் வெட்ட உட்கார்ந்தாள். அவள் கிண்டல் செய்யவில்லை என்று மூப்பருக்குப் புரிந்தது.

ஈஸ்டர் விடியலில் விளக்குகளோடு எல்லோரும் வந்து அவரவர் கல்லறையருகே நின்றார்கள். பாட்டு தொடங்கும்போது இருட்டு, முடியும்போது ஏரிக்கு அப்பால் வெளிச்சம். லம்தியுர் தன் அண்ணன் தலைமாட்டில் நின்றாள். அண்ணியைக் காணோம். பாட்டு முடிந்ததும் தேடிக்கொண்டு சுவரோரம் வந்தாள்.

“இங்க என்ன பண்றீங்க? அங்க எங்க அண்ணன் கிட்ட ஒருத்தரும் இல்ல. ஊர் என்ன நினைக்கும்?”

“நான் மேல வரலை, லம்தியுர். என்னை இங்கேயே போட்டுருங்க.”

“என்னது?”

“பேரை அழிச்சிரச் சொல்லு.”

லம்தியுரின் முகம் சிவந்தது. “அண்ணனை அடக்கம் பண்ணப்போ நீங்க அழவே இல்ல. அப்பவே நினைச்சேன். அவன் பக்கத்துல படுக்கக்கூடப் பிடிக்கலையா உங்களுக்கு?”

“அன்னைக்கு அழக்கூட எனக்குத் தெம்பு இல்லடி. மேல அவர் பக்கத்துல கிடந்தா எனக்கென்ன? எழும்பின பிறகு புருஷன் பெண்டாட்டி கிடையாதுன்னு இயேசுவே சொல்லிட்டார். அந்தக் கவலை விட்டுப்போச்சு.” அவள் காலருகே தரையைக் காட்டினாள். “இவளுக்குத்தான் பயமா இருக்கு. கண்ணு முழிச்சதும் பக்கத்துல யாரும் இல்லேன்னா அழுவா. அழுதா மூச்சு திணறும், உனக்குத் தெரியாது. நான் எத்தனை பேருக்கு ஓடியிருக்கேன். இவளுக்கு மட்டும் ஓடவே வாய்க்கலை.”

லம்தியுர் சுவரில் சாய்ந்து தரையைப் பார்த்தாள். அந்த மழைக்காலத்தில் அவள் பள்ளிக்கூடச் சிறுமி. புதைக்கும்போது குழந்தையைச் சுற்றியிருந்த துணி அவளுடையது.

“அப்போ இவளை மேல கொண்டுபோலாம்” என்றாள் கடைசியில்.

“வழக்கம் இல்லையே.”

“வழக்கத்தை நான் பாத்துக்கறேன். தோகர்கிட்ட நான் பேசறேன்.”

“இத்தனை வருஷம். ஒண்ணும் கிடைக்காது.”

“மண்ணு கிடைக்கும்ல? ஒரு கைப்பிடி எடுத்து உங்க இடத்துலயே வைப்போம். ஆதாமை எதுல செஞ்சாராம்?”

தோகரம்மா நெடுநேரம் யோசித்தாள். யோசிப்பதுகூட அவளுக்குச் சுமை தூக்குவது போலத்தான்.

“என் கைக்குக் கிட்டக்க வைக்கணும்” என்றாள்.

“கிட்டக்கத்தான். கைல பிள்ளையோட எழும்பினா, எங்க அண்ணன் உங்களைக் காப்பி கேக்க மாட்டான்.”

“கேப்பார். உங்க அண்ணனை உனக்குத் தெரியாது?”

இருவருக்கும் சிரிப்பு வந்தது. பக்கத்துக் கல்லறையில் ஜெபித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிரித்ததில் தோகரம்மாவுக்கு இருமல் வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

முதல் படகு ஊதியது. ஈஸ்டர் என்றாலும் படகில் வருகிறவர்களுக்குப் பசிக்கும். இருவரும் மெதுவாகத் துறைக்கு இறங்கினார்கள். தோகரம்மா கரிமூட்டைக்குக் குனிந்தபோது லம்தியுர் அதை இழுத்துக்கொண்டாள்.

“நகருங்க. உக்காருங்க.”

“உனக்கு மூட்ட வராது.”

“வரும். பேசாம இருங்க.”

அவள் ஒரு கையில் கைப்பேசியைப் பிடித்துத் தோகரிடம் கத்திக்கொண்டே, மறு கையால் விசிறினாள். நெருப்பைவிடப் புகைதான் அதிகம் வந்தது. “இல்லடா, பேரை அழிக்க வேண்டாம், கீழ இன்னொரு பேர் எழுதணும். ரொதுவா. ஆமா, உன் தங்கச்சி. எனக்குத் தெரியும்டா வழக்கம்.”

தோகரம்மா கவிழ்த்துப் போட்ட கூடைமேல் உட்கார்ந்து, புகை வராத பக்கமாக முகத்தைத் திருப்பினாள். மீனை எடுத்துக் கொடுக்கக் கை தானாக எழுந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டாள். யாரோ மூட்டிய அடுப்பில் முதல் மீன் வெந்து வருவதற்குள் அவள் தூங்கிப்போயிருந்தாள்.