வெட்டியும் போகாத முகம்

புனே சிஞ்ச்வட்டில் எங்கள் எதிர் ஃபிளாட் சுனந்தா பூரண்போளி செய்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். என் தமிழ்ச் சமையல் வலைப்பூவுக்காக அதைப் படம் எடுத்தேன். "கை மட்டும் வரட்டும் உமா. நைட்டியில இருக்கேன், மூஞ்சி வேண்டாம்" என்று இந்தியில் சொன்னாள்.

படத்தை வலைப்பூவில் ஏற்றி, அங்கேயே கைகளை மட்டும் விட்டு மற்றதை வெட்டினேன். பதிவில் கைகள் மட்டுமே தெரிந்தன. எட்டு வருடமாக எழுதுகிறவள்; இதெல்லாம் எனக்கு அத்துப்படி என்ற நினைப்பு.

வெளியிட்ட கையோடு போனை அவளிடம் நீட்டினேன். தமிழ் படிக்க வராத சுனந்தா நேராகப் படத்தைத் தட்டினாள். திரை முழுக்க அவள் முகம், கலைந்த தலை, நைட்டி!

"அரே, இதை என் மாமியார் பார்த்தா?" அவள் குரலே மாறிவிட்டது.

உடனே பதிவை நீக்கினேன். என் கணவர்தான் விளக்கினார்: "நீ வெட்டினது பதிவுல தெரியற அளவை மட்டும்தான். முழுப் படம் வலைப்பூவோட சேமிப்புல அப்படியே இருக்கு. தட்டினா வந்துடும்."

நல்லவேளை, வேறு யாரும் பார்ப்பதற்குள் அதைச் சேமிப்பிலிருந்தே அழித்தேன். பழைய பதிவுகளின் படங்களையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துச் சரிசெய்தேன்.

இப்போதெல்லாம் போனிலேயே வெட்டி, வெட்டிய படத்தை மட்டும் ஏற்றுகிறேன். வெளியிடும் முன் எதிர் ஃபிளாட் கதவைத் தட்டுகிறேன். தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாத சுனந்தா, எல்லாப் படங்களையும் தட்டிப் பார்த்து "டீக் ஆஹே" என்று மராத்தியில் சரி சொல்லித் தலையாட்டிய பிறகுதான் என் வாசகர்களுக்கே சமையல் பரிமாறப்படுகிறது.