பூந்தமல்லியில் பத்து அடி

மாரடைப்பு வந்து மூன்று வாரமான என் வீட்டுக்காரரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன். பூந்தமல்லி பஸ் நிலையத்தில், டீக்கடைக்கு எதிர் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்கிறோம். ஆறு வாரம் தனியாக நடக்கவே கூடாது என்பது டாக்டர் உத்தரவு. லண்டனில் இதே நோவு வந்த என் தம்பியை நாலாம் நாளே நடக்க வைத்தார்களாம். அவன் கடிதம் பையில் இருக்கிறது. எது சரி என்று டாக்டரைக் கேட்க எனக்குக் கூச்சம்.

டீக்கடைக்காரர் விசாரிக்கிறார். சொல்கிறேன்.

"எனக்கும் வந்துச்சிம்மா. நாலாம் நாளு கடைய தொறந்துட்டேன்."

"எந்த டாக்டர் சொன்னார்?"

"டாக்டர் இன்னாத்த சொல்றது? பால்காரன் வந்து நின்னுகினு கீறான்."

லண்டனும் பூந்தமல்லியும் ஒன்றுதான் போலிருக்கிறது.

என் வீட்டுக்காரர் காலி கிளாசோடு எழுந்து, கடைவரை பத்து அடி தனியாக நடந்து திரும்புகிறார். கையை நீட்டுகிறார். பிடிக்கப் போகிறேன்.

"கடுதாசியக் குடு. டாக்டராண்ட நான் கேக்கறேன்."