எத்னே கொன்ற கரடி

பனிக்கரடியைத் தோரோட் கொன்றான் என்று வடக்குக் கரையில் யாராவது பாடினால் நம்பாதீர்கள். மிதக்கும் பனிப்பாளத்தில் ஏறி அந்தக் கரடி ஐஸ்லாந்தில் கரையிறங்கி, சில நாள் கழித்துத் தோரோட்டின் வீட்டுக்கு வந்தபோது, அவன் பயந்துபோய்க் கூரைமேல் கவிழ்ந்து கிடந்தான். வாசலுக்குள் தலையை நீட்டிய கரடியின் மூஞ்சியில் கொதிக்கும் கடல்நாய்க் கொழுப்பைக் கொட்டி, கோடரியால் மண்டையைப் பிளந்தவள் எத்னே. அயர்லாந்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவளைக் கப்பலில் தூக்கி வந்து விற்றிருந்தார்கள். பதினோரு வருடமாகத் தோரோட் வீட்டில் அடிமை.

கரடியைக் கொன்றவர் கேட்டதைத் தருவேன் என்று ஊர்த்தலைவர் அறிவித்திருந்தார். எத்னேவுக்கு வேண்டியது விடுதலை. தோரோட்டுக்கு வேண்டியது ஆற்றோர மேய்ச்சல் நிலம். அதற்காக ஹாவர் என்ற கவிஞனுக்கு ஒரு செம்மறிக் கிடாவைக் கொடுத்து வைத்தான்.

ஊரே கூடி வழக்குத் தீர்க்கும் கோடைச் சபையில் ஹாவர் எழுந்து, தோரோட்டின் ஈட்டி மின்னியதையும் கரடி மண்டியிட்டதையும் பாடினான். எத்னே குறுக்கிட்டாள்.

“கவிஞரே, எங்க எஜமானை ஏன் இப்படிக் கேவலப்படுத்துறீங்க?”

“கேவலமா? புகழ்ந்துல்ல பாடுறேன்!”

“செய்யாததைச் செஞ்சதாப் பாடினா அது கேலிப்பாட்டுன்னுதானே உங்க வழக்கம்? அவரு கூரையில கெடந்ததை ஊரே பாத்துச்சு. தலைவரே, கேலிப்பாட்டுக்கு என்ன தண்டனை?”

“நாடு கடத்தணும்,” என்றார் தலைவர்.

ஹாவரின் முகம் வெளுத்தது. “ஐயய்யோ, எத்னேன்னுதான் பாட வந்தேன். நாக்கு வழுக்கிடுச்சு!”

“அப்போ என் கிடா?” என்று தோரோட் கத்தினான்.

“அது செரிச்சுப் போச்சுண்ணே.”

சபை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பணக்காரக் கிழவர் ஒருவர் மட்டும் முறைத்தார். “அடிமைப் பேரையெல்லாம் பாட்டுல வைக்கிறதா?”

“கரடி மட்டும், கொல்றது அடிமையான்னு விசாரிச்சுட்டா செத்துச்சு?” என்றாள் எத்னே.

தலைவர் அவள் கையைப் பிடித்து உயர்த்தி, இனி இவள் சுதந்திரமானவள் என்று அறிவித்தார்.

விடுதலை விருந்துக்கு வேண்டிய பார்லி பீரை விடுதலை பெற்றவரே காய்ச்ச வேண்டுமாம். பதினோரு வருடம் பிழிந்தது போதாதென்று, போகும்போதும் ஒரு வேலை! எத்னே காய்ச்சினாள். முதல் குவளையைப் பழைய எஜமானிடம் நீட்டினாள்.

“இந்தா தோரோட், குடி.”

அவனுக்குப் புரையேறியது.