காதல் கதையிலும் பாப்போம்

என் வீட்டுக்காரருக்குத் தூத்துக்குடியில் கருப்பட்டிக் கடை. யார் என்ன கேட்டாலும் உடனே சரி என்றால் மதிப்புப் போய்விடும் என்பது அவருடைய வியாபார நியாயம். எல்லாவற்றுக்கும் "பாப்போம்" என்பார்.

நான் போனில் ஜப்பானிய விஷுவல் நாவல் படிக்கிறவள். படமும் வசனமும் ஓடும். நடுவில் நாயகனின் பதிலை நாம் தேர்ந்தெடுக்க, கதை அந்தப் பக்கம் திரும்பும். முதலில் எனக்குக் கிடைத்தவையெல்லாம் காதல் கதைகள். ஒன்றை அவரிடம் கொடுத்தேன். அதில் பெரிய பெரிய கண்களோடு பள்ளிக்கூடத்துப் பெண்ணொருத்தி நாயகனைத் திருவிழாவுக்குக் கூப்பிட்டாள். 'பார்க்கலாம்' என்பதைத் தொட்டார். அவள் வேறொருவனோடு போய்விட்டாள்.

"அவசரக்காரி" என்றார்.

பிற்பாடு அதே பள்ளிக்கூடத்தையும் அதே பெரிய கண்களையும் வைத்துக்கொண்டு, உள்ளே கொலையை நுழைத்து ஜப்பான்காரர்கள் எழுத ஆரம்பித்தார்கள். அதையும் கொடுத்தேன். கூப்பிட்டதும் எழுந்து போனவர்கள் எல்லாரும் செத்தார்கள். 'பார்க்கலாம்' என்ற இவர் மட்டும் கடைசிவரை உயிரோடிருந்தார்.

"ஏளா, பாத்தியா" என்று மீசையைத் தடவினார்.

அந்தச் சந்தோஷத்திலேயே, "பீச்சுக்குப் போயிட்டு வருவோமாங்க?" என்று கேட்டேன்.

"பாப்போம்."

"இன்னொரு தடவை அப்படிச் சொன்னா, நம்ம கதையும் காதல்ல இருந்து கொலைக்கு மாறிரும்" என்றேன்.

சட்டையைத் தேடினார்.