ஓர வரிசைக் கிழங்கு

சென்ற வருடம் ஐப்பசி மாதம், ஒரு புதன்கிழமை. காலை பதினொன்றே கால் மணிக்கு என் மகள் கிழங்கைத் தின்றுகொண்டே, “அப்பா, கசக்குது” என்றாள். சட்டைப் பையிலிருந்து கடிகாரத்தை அப்போதுதான் எடுத்துப் பார்த்திருந்தேன். அதனால் நேரம் நன்றாக நினைவிருக்கிறது. உடனே தட்டைப் பிடுங்கி வெளியே வீசியிருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக்கூட அது தெரியும். நானோ கித்துள் வெல்லத்தில் ஒரு துண்டை உடைத்து அவள் கையில் கொடுத்து, “இதைக் கடிச்சுக்கிட்டுச் சாப்பிடும்மா, கசப்பு தெரியாது” என்றேன். அவள் நல்ல பிள்ளை. சொன்னபடி சாப்பிட்டாள்.

பதுளையிலிருந்து பசறை வழியாக ஏறினால் நமுனுகுல மலைச் சரிவில் எங்கள் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. அங்கே பள்ளிக்கூட வாத்தியார் நான். பதுளை டவுனில் பிறந்து, மிஷன் பள்ளியில் படித்து, மூன்று வேளையும் சோறு தின்று வளர்ந்தவன். எனக்கு நாற்பத்து நான்கு வயது, மகளுக்கு ஏழு. அவளுக்கு முன்னால் பிறந்த இரண்டு பிள்ளைகள் எங்களுக்குத் தங்கவில்லை. அதனால் இவள் இரண்டு முறை இருமினால் நான் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். என் மனைவி சிரிப்பாள்.

உலகச் சண்டை முடிந்த பிறகும் அரிசிக் கப்பல்கள் ஒழுங்காக வரவில்லை. தோட்டத்தில் அளந்து கொடுக்கும் அரிசி வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டே போனது. ஒரு நாள் என் மனைவி, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு துரை பங்களா வாசலில் போய் நின்றாள். லயத்துக்குப் பின்னால் தேயிலை நடாமல் காட்டோரமாகக் கிடந்த சரிவைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் திரும்பினாள். விடியற்காலையில், வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு ஆள் கூப்பிடுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம், மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து கொஞ்ச நேரம் என்று அவர்கள் அதைக் கொத்தினார்கள். மரவள்ளி, வத்தாளைக் கிழங்கு, குரக்கன் என்கிற கேழ்வரகு, அவரை எல்லாம் நட்டார்கள். பூசணிக் கொடியை லயத்துக் கூரைமேல் ஏற்றிவிட்டார்கள்.

“உன் பூசணி எங்க காம்பராக்குள்ள எட்டிப் பாக்குதுடி” என்பாள் ஒருத்தி.

“பாத்துட்டுப் போகட்டும். ஒளிச்சு வைக்க அங்க என்ன இருக்கு உன்கிட்ட?” என்பாள் இன்னொருத்தி.

காம்பரா என்றால் லயத்தில் ஒரு குடும்பத்துக்கு உள்ள ஒற்றை அறை. லயத்தின் கடைசிக் காம்பராவும் அதை ஒட்டிய சின்ன அறையும் எங்களுடையவை. அங்கே உட்கார்ந்து இந்தப் பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பேன். என் மனைவியைப் பற்றிப் பெருமையாக டவுனில் இருக்கும் தம்பிக்குக் கடிதம்கூட எழுதினேன். ஆனால் அந்தக் கொல்லையில் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. அது பெண்கள் காரியம் என்று இருந்துவிட்டேன்.

அந்தத் திங்கட்கிழமை விடியுமுன் என் மனைவி மலைக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்துக்குப் புறப்பட்டாள். அவள் தங்கைக்குப் பிரசவ வேளை. கையில் மூட்டையோடு வாசற்படியில் நின்று ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் விளக்கடியில், டவுனிலிருந்து வந்த பழைய பத்திரிகையில் அரிசிக் கப்பல் செய்தி ஏதாவது இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தேன். “ம்” என்றேன். மறுபடியும் “ம்” என்றேன்.

“கேட்டுச்சாங்க?” என்றாள்.

“கேட்டுச்சு, கேட்டுச்சு. பாத்துப் போ” என்றேன்.

அவள் திரும்பி வரும்வரை எங்களுக்குச் சாப்பாடு கொடுப்பதாகப் பக்கத்துக் காம்பராக்காரி ஏற்றிருந்தாள். கொழுந்து பறிக்கிறவள், புருஷன் இல்லாதவள், மூன்று பிள்ளைகளின் தாய். திங்களும் செவ்வாயும் மூடிய சட்டியில் குரக்கன் கூழ் கொண்டுவந்து வைத்தாள். செவ்வாய் மாலை சட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, அவள் பிள்ளைகள் குடித்துக்கொண்டிருந்த கூழைப் பார்த்தேன். எங்களுக்கு வந்தது கெட்டியாக இருந்தது. அவர்களுடையது தண்ணீராக இருந்தது. அந்தப் பிள்ளைகள் மூன்றும் என்னிடம் படிக்கிறவர்கள். வெட்கமாகப் போய்விட்டது. நாளைக்கு நானே சமைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவள் நம்பிக்கையில்லாமல் சிரித்தாள்.

புதன்கிழமை பள்ளிக்கூடம் இல்லை. முதல் நாள் காற்றில் கூரைத் தகரம் இரண்டு கழன்று பறந்துவிட்டது. மகளைக் கூட்டிக்கொண்டு கொல்லைக்குப் போனேன். எந்தப் பாத்தி யாருடையது என்று எனக்குத் தெரியாது. அடுத்தவள் பாடுபட்டு வளர்த்ததில் கை வைக்கக் கூடாது என்று நினைத்தேன். காட்டோரமாக, எல்லாவற்றுக்கும் வெளியே, ஒரு வரிசை மரவள்ளி தனியாக நின்றது. யாருடையதும் இல்லாதது போல இருந்தது. மழையில் மண் இளகிக் கிடந்ததால் இழுத்ததும் வந்துவிட்டது. என் மகள் கிழங்கைத் தூக்கிப் பார்த்து, “அப்பா, உங்க காலு மாதிரியே இருக்கு” என்று சிரித்தாள்.

விறகு ஈரமாக இருந்தது. கொஞ்சம் விறகில் வேலை முடியட்டும் என்று பானைக்கு மூடி போட்டு, ஆவி வெளியே போகாதபடி அதன்மேல் ஒரு கல்லையும் தூக்கி வைத்தேன். நானும் வீட்டுக்காரியம் செய்கிறேன் என்று மனதுக்குள் ஒரு பூரிப்பு. வெந்ததும் நடுவில் மாவாக இருந்த துண்டுகளை மகளுக்குக் கொடுத்துவிட்டு, நாராக இருந்த இரண்டை நான் தின்றேன். கசக்கத்தான் செய்தது. மரவள்ளி இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு முன்னால் என் மனைவி அவித்துத் தந்த கிழங்கு கசந்ததேயில்லை. அந்த யோசனை எனக்கு வரவில்லை.

பன்னிரண்டு மணிக்கு என் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அஜீரணம் என்று நினைத்து இஞ்சி தட்டிப் போட்டுத் தேத்தண்ணீர் வைத்துக் குடிக்கக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் முகம் வெளுத்தது. மூச்சு, ஓடிவந்தவளைப் போல வேகமாக வாங்கியது. “அப்பா, செவுரு சுத்துது” என்றாள். எழுந்து நிற்க வைத்தேன், கால் நிற்கவில்லை. எனக்கும் தலை சுற்றியது. பயத்தில் சுற்றுகிறது என்றே எண்ணினேன்.

மருந்துச்சாலை கீழே மூன்று மைலில். கொழுந்து மலை மேலே கால் மைலில். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என் கால்கள் மேலே ஓடின. யோசித்து ஓடவில்லை. மனிதர் முகம் ஒன்றைப் பார்த்தால் போதும் என்று இருந்தது.

பெண்கள் நிரை பிடித்துக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் காம்பராக்காரிதான் முதலில் பார்த்தாள். கூடையைத் தலையிலிருந்து கழற்றிப் போட்டுவிட்டுச் செடிகளுக்குள்ளேயே இறங்கி வந்தாள்.

“என்ன குடுத்தீங்க வாத்தியாரையா?”

“மரவள்ளி.”

“எந்த மரவள்ளி?”

“காட்டோரமா, தனியா நிக்குதே அது.”

அவள் முகம் மாறியது. “அவிக்கும்போது மூடி போட்டீங்களா?”

“போட்டேன்.”

“வேற என்ன குடுத்தீங்க?”

“இஞ்சித் தேத்தண்ணி.”

சுற்றி வந்து நின்ற பெண்களில் ஒருத்தி இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு தெரிந்துகொண்டதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஓர வரிசை, காட்டுப்பன்றிக்காக நட்ட கசப்பு மரவள்ளி. பன்றி முதலில் அதைத்தான் கிண்டும், ருசி பிடிக்காமல் திரும்பிப் போய்விடும் என்பது பெண்களின் கணக்கு. அந்தக் கிழங்கை அவித்துத் தின்ன மாட்டார்கள். சீவி, தண்ணீரில் ஊறப்போட்டு, நாள்கணக்கில் வெயிலில் காயவைத்து, மாவாக இடித்துக்கொள்வார்கள். நல்ல மரவள்ளியைக்கூடத் திறந்த பானையில்தான் அவிப்பார்கள், விஷம் ஆவியோடு போகட்டும் என்று. மரவள்ளி அவித்த நாளில் இஞ்சியை அடுப்படிப் பக்கமே கொண்டுவர மாட்டார்கள்.

பக்கத்துக் காம்பராக்காரி என் மகளைப் பிடுங்கி, தேயிலைக்கு நடுவே தண்ணீர் ஓடும் கானுக்கு மேலே தலைகீழாகக் கவிழ்த்து, தொண்டைக்குள் விரலை விட்டாள். ஒருத்தி தண்ணீர்ப் போத்தலைக் கொண்டுவந்தாள். குடிக்க வைத்து மறுபடியும் விரலை விட்டாள். என் மகள் அழக்கூடத் தெம்பில்லாமல் வாந்தி எடுத்தாள். கிழங்கு அப்படியே துண்டு துண்டாக வந்தது. நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என்னால் வேறொன்றும் செய்ய முடியவில்லை.

கங்காணி மேலிருந்து கத்தினார். “நிரைய விட்டுட்டு எங்க போறீங்க எல்லாரும்? அரைப்பேர்தான் விழும், அரைநாள் கூலிதான், பாத்துக்குங்க.”

“முழுப்பேரையும் நீயே வச்சுக்க” என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமலே. “இப்ப உன் தலைப்பாத் துணிய அவுத்துக் குடு.”

கங்காணி இறங்கி வந்து பிள்ளையைப் பார்த்தார். தலைப்பாகையை அவிழ்த்து நீட்டினார். அந்தத் துணியால் என் மகளை முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு அவள் ஓடினாள். இன்னும் மூன்று பேர் கூடவே ஓடினார்கள். அரை மைலுக்கு ஒருத்தி என்று மாற்றி மாற்றிச் சுமந்தார்கள். நானும் சுமக்கிறேன் என்று கேட்டபோது, “நீங்களே தள்ளாடுறீங்க, விழுந்து தொலையாம வாங்க” என்றார்கள்.

வழி முழுக்கப் பிள்ளையைத் தூங்கவிடாமல் பேசிக்கொண்டே வந்தாள் பக்கத்துக் காம்பராக்காரி.

“கண்ண மூடாத தங்கம். கூரைமேல எத்தன பூசணி இருக்கு, சொல்லு.”

“ஆறு” என்றாள் என் மகள், மூச்சுக்கு நடுவில்.

“பொய்க்காரி, அஞ்சுதான். ஒண்ண உங்கம்மா பறிச்சுட்டா. திரும்ப எண்ணு.”

“ஆறு. ஒண்ணு இலைக்கு அடியில இருக்கு.”

“அப்படியா சேதி? அத நான்தான் திருடப் போறேன்.”

பாதி வழியில் பிள்ளையை இன்னொருத்தி முதுகுக்கு மாற்றிவிட்டு, என் பக்கத்தில் நடந்துகொண்டே கேட்டாள்: “அக்கா போறப்ப ஓர வரிசையத் தொடாதீங்கன்னு உங்ககிட்ட சொல்லலையா?”

ஓர வரிசை. அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததும் எனக்கு எல்லாம் காதில் விழுந்தது. வாசற்படி, மூட்டை, விளக்கு. என் மனைவியின் குரல்: கொல்லைக்குப் போனா ஓர வரிசையத் தொடாதீங்க, மூடி போடாதீங்க. அதற்கு நான் சொன்ன “ம்.”

“சொல்லல” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பிள்ளை சாகக் கிடக்கும்போதும் மனிதனுக்குத் தன் மானம் பெரிதாக இருக்கிறது.

“என்ன பொம்பள அவ” என்றாள் கூட வந்தவர்களில் ஒருத்தி. “தங்கச்சிக்குப் பிரசவம்னா புத்தி எங்க போச்சு?” நான் நடையை எட்டிப் போட்டேன்.

மருந்துச்சாலைக்காரர் ஏதோ மருந்து கொடுத்து, மறுபடியும் வாந்தி எடுக்க வைத்து, நாடியைப் பிடித்தபடி நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். மாலை நான்கு மணிக்கு, “மூச்சு சீராயிருச்சு. இனிப் பயமில்லை” என்றார். மலையிலேயே வாந்தி எடுக்க வைத்திருக்காவிட்டால் இங்கே கொண்டுவந்தும் பயனில்லை என்றும் சொன்னார். இஞ்சியில் குற்றமில்லை, கிழங்கிலும் மூடியிலும்தான் என்றார். பெண்கள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அவர் போன பிறகு, “இவரு மரவள்ளி அவிச்சிருக்காரா?” என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். நான் கட்டிடத்துக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

மலைக்கு அந்தப் பக்கம் ஆள் போயிருந்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு என் மனைவி மருந்துச்சாலைக்கு வந்து சேர்ந்தாள். சேலைத் தலைப்பு நனைந்திருந்தது. கணுக்காலில் அட்டை கடித்த இரத்தம் வழிந்து காய்ந்திருந்தது. அதை அவள் கவனித்ததாகவே தெரியவில்லை. மகள் கண்ணைத் திறந்து, “அம்மா, பாப்பா பொறந்துச்சா?” என்று கேட்டாள். “பொறந்துச்சு, உன்ன மாதிரியே ஒரு கழுத” என்று அவள் நெற்றியைத் தடவினாள்.

பக்கத்துக் காம்பராக்காரி அங்கேயேதான் இருந்தாள். இரண்டு நாள் கூலி போனதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாதவள், இப்போது கோபத்தில் குரல் நடுங்கக் கேட்டாள்: “ஏன்க்கா, மனுசன் அடுப்பு பாக்காதவரு. ஓர வரிசையப் பத்தி ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கக் கூடாதா? பிள்ளைய முழுங்கப் பாத்தியே.”

என் மனைவி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். வாயைத் திறக்க எனக்கு வேண்டிய நேரம் இருந்தது. அவள் வேண்டுமென்றே கொடுத்த நேரம் என்றுகூட இப்போது தோன்றுகிறது. பிறகு அவள் மகளின் கால்களை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள்:

“ஆமாடி. அவசரத்துல மறந்துட்டேன். என் தப்புதான்.”

இன்று நானும் விடியற்காலையில் மண்வெட்டியோடு அவர்களுக்குப் பின்னால் போகிறேன், எல்லா வரிசையும் எனக்குத் தெரியும். ஆனால் லயத்தில் பழி இன்னும் அவள் மேல்தான் இருக்கிறது, அவளும் அதை ஒரு கூடைக் கொழுந்து போலச் சுமந்துகொண்டு நடக்கிறாள். பத்திரிகைக்கு எழுதி அனுப்பும் இது அச்சில் வந்ததும் அந்தப் பெண்கள் எல்லாரையும் கொல்லைக்குக் கூப்பிட்டு, ஓர வரிசைக்குப் பக்கத்தில் நின்று, ஒரு வரி விடாமல் நானே உரக்க வாசிப்பேன்.